மக்காச்சோளத்துக்கு முன்கூட்டியே விலை பேசலாமா? எப்போது, எவ்வளவுக்கு?

கேள்வி இதுதான். பெரம்பலூர் பக்கம் ஐந்து ஏக்கர் மானாவாரி மக்காச்சோளம், சொந்த நிலம். புரட்டாசிக் கடைசியில் விதைத்தது, இப்போது 45 நாள் பயிர். நாமக்கல் கோழித்தீவன ஆலைக்குச் சரக்குப் பிடித்துக் கொடுக்கும் வியாபாரி ஒருவர் வந்து, "குவிண்டால் 2,150. ஆலையில் இறக்கித் தரணும், ஈரம் 14, தை கடைசிக்குள்ள. நூறு குவிண்டாலுக்கு இப்பவே எழுதிக்கலாம்" என்கிறார். எழுதலாமா, இன்னும் ஏறும் என்று காத்திருக்கலாமா?

எழுதுங்கள். ஆனால் நூறு வேண்டாம், இப்போதைக்கு 35 போதும். இந்த 35 எங்கிருந்து வந்தது என்பதைத்தான் விளக்கப் போகிறேன். உங்கள் கணக்கில் எண்கள் வேறாக இருக்கலாம், வழி ஒன்றுதான்.

முதலில் அந்த 2,150-ஐ ஆலை வாசலிலிருந்து உங்கள் களத்துக்குக் கொண்டு வாருங்கள். லாரி வாடகை குவிண்டாலுக்கு 90, ஏற்றிறக்கு கூலி 30, சாக்கு 20, தூசி தும்பு என்று ஒரு கிலோ கழிவு, அது ஒரு 20. களத்து விலை 1,990. நம் ஆட்களில் பாதிப் பேர் இந்த இடத்திலேயே ஏமாறுகிறார்கள். பக்கத்து ஊர்க்காரர் களத்தில் 2,050-க்குப் போட்டதாகச் சொன்னால், "எனக்கு 2,150 பேசியிருக்கே" என்று மீசையை முறுக்குவார்கள். உண்மையில் அவர் இவரைவிட 60 ரூபாய் கூடுதலாக வாங்கியிருப்பார்.

அடுத்தது ஈரம். 20 சதவீத ஈரத்தில் நூறு கிலோ இருக்கும் சரக்கைக் காயவைத்து 14-க்குக் கொண்டுவந்தால் 93 கிலோதான் நிற்கும். ஏழு கிலோ வெயிலோடு போய்விடும். அதனால் "போன வருஷம் ஏக்கருக்கு 22 எடுத்தேன்" என்பவரிடம், எந்த ஈரத்தில் எடை போட்டீர்கள் என்று கேட்க வேண்டும். 20 ஈரத்தில் போட்ட 22, காய்ந்த கணக்கில் இருபதரைதான்.

இப்போது அடக்க விலை. உழவு, விதை, உரம், களைக்கொல்லி, படைப்புழுவுக்கு இரண்டு மருந்து, கதிர் ஒடிப்பு, மெஷின் கூலி எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 30,000 என்று வைப்போம். ஐந்து ஏக்கருக்கு ஒன்றரை லட்சம். ஏக்கருக்கு 22 குவிண்டால் விளைந்தால் மொத்தம் 110, அடக்கம் குவிண்டாலுக்கு 1,364. 15 விளைந்தால் 75 குவிண்டால், அடக்கம் 2,000. 12 ஆனால் 2,500. செலவு ஏறக்குறைய ஒன்றுதான், அடக்க விலை மட்டும் எங்கெங்கோ போகிறது. மானாவாரிக்காரனுக்கு "என் அடக்க விலை இவ்வளவு" என்று ஒற்றை எண் கிடையாது. நல்ல வருஷத்துக்கு ஒன்று, மோசமான வருஷத்துக்கு ஒன்று என்று இரண்டு எண் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் பார்க்கும் அளவுகோல் இது: பேசப்படும் களத்து விலை என் மோசமான வருஷத்து அடக்கத்தைத் தொடுகிறதா? ஏக்கருக்கு 15 விளைவதை மோசமான வருஷம் என்று வைத்தால் உங்களுக்கு அது 2,000, வருவது 1,990. ஏறக்குறைய தொட்டுவிட்டது. அதாவது விளைச்சல் படுத்தாலும் கைமுதல் போகாது, நன்றாக வந்தால் குவிண்டாலுக்கு 600 ரூபாய்க்கு மேல் லாபம். இப்படி ஒரு விலை தானாக வாசலுக்கு வந்தால் ஒரு பங்கையாவது முடித்துவிட வேண்டும். அதே வியாபாரி 1,500 சொல்லியிருந்தால் அனுப்பியிருப்பேன். அந்த விலையில் எழுதினால், கொஞ்சம் விளைச்சல் குறைந்தாலே நஷ்டத்தை நாமே கையெழுத்துப் போட்டு உறுதி செய்ததாகிவிடும்.

அப்புறம் ஏன் வெறும் 35? ஏனென்றால் விலை உறுதி, பயிர் உறுதி இல்லை. இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். 2018-இல் நாலு ஏக்கர் போட்டிருந்தேன். நூறு குவிண்டால் வரும் என்று கணக்கு. ஐப்பசியில் ஒரு வியாபாரியிடம் 1,500-க்கு 60 குவிண்டால் எழுதிக் கொடுத்தேன். நூற்றில் அறுபதுதானே, பத்திரமாகத்தான் இருக்கிறேன் என்று நினைப்பு. அந்த வருஷம்தான் படைப்புழு வந்தது. மே மாதம் கர்நாடகத்தில் சிவமோகா பக்கம் முதலில் கண்டுபிடித்தார்கள், மழைக்காலத்துக்குள் நம் காட்டுக்கு வந்துவிட்டது. குருத்துக்குள் உட்கார்ந்து தின்னும் புழு அது. எந்த மருந்து, எப்போது அடிப்பது என்று ஒருவருக்கும் தெரியாது. இலையில் வரிசையாக ஓட்டை விழுந்ததைப் பார்த்தபோது பாதி போய்விட்டிருந்தது. கடைசியில் 38 குவிண்டால். எல்லாருக்கும் விளைச்சல் போனதால் விலை 2,000-க்குப் போயிருந்தது. எழுதிக் கொடுத்த 60-க்குக் குறைந்த 22-ஐ வெளியில் 2,000-க்கு வாங்கி 1,500-க்குக் கொடுத்தேன். கையிலிருந்து 11,000 போனது. அந்த 38-க்கும் 500 வீதம் வந்திருக்க வேண்டியது வரவில்லை, அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் தூக்கம் வராது.

முன்பேரத்தில் இதுதான் சூட்சுமம். நம் காட்டில் மட்டும் விளைச்சல் போனால் விலை ஏறாது, சமாளித்துக்கொள்ளலாம். வட்டாரமே போனால்தான் நமக்குச் சரக்கும் இருக்காது, விலையும் பறக்கும். இரண்டு அடியும் சேர்ந்துதான் விழும். அமெரிக்காவில் 2012 வறட்சியில் சிகாகோ சந்தையில் மக்காச்சோளம் புஷல் (ஏறக்குறைய 25 கிலோ) 8 டாலரைத் தாண்டியபோது, வசந்தத்திலேயே அதிகம் எழுதிக் கொடுத்துவிட்டு விளையாமல் நின்ற விவசாயிகளுக்கும் இதே கதைதான். அவர்களுக்கு ஒரு வசதி: அறுவடை நேரத்து விலை ஏற்றத்தையும் கணக்கில் எடுத்து இழப்பீடு தரும் காப்பீடு அங்கே உண்டு. நம் பயிர்க் காப்பீடு வட்டார விளைச்சலைப் பார்த்துப் பிற்பாடு தருவது. மாசியில் வியாபாரிக்குச் சரக்கு வாங்கிக் கொடுக்க அது உதவாது.

அதனால் என் வழக்கம்: பூ எடுப்பதற்கு முன், மோசமான வருஷத்து விளைச்சலில் பாதிக்கு மேல் எழுதுவதில்லை. உங்களுக்கு மோசமான வருஷம் 75 குவிண்டால், பாதி 37, சரி 35. களத்து விலைக்கு 69,650 ரூபாய் வருகிறது. பயிர்க்கடனும் மருந்துக்கடைப் பாக்கியும் சேர்த்து மாசிக்குள் கட்ட வேண்டியது எவ்வளவு என்று பாருங்கள். பெரும்பாலும் இந்த எண்ணுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். முதல் பங்கு கடனை அடைக்க, அவ்வளவுதான். கடன் அடைந்துவிடும் என்று தெரிந்தவனுக்குத்தான் மீதிச் சரக்கை நிதானமாக விற்க முடியும்.

மருந்துக்கடை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். விதை, உரம், மருந்து எல்லாம் கடனுக்கு வாங்கி, "வெள்ளாமையை உங்ககிட்டயே போடறேன்" என்று வாய்வார்த்தை கொடுத்திருப்போம். முன்பேரம் ஆபத்து என்று பேசுகிறவர்களில் பலர் ஏற்கெனவே இப்படி மொத்தச் சரக்கையும் விற்றுவிட்டவர்கள்தான். விலை மட்டும் பேசவில்லை. முன்விற்பனையிலேயே மோசமான ரகம் இது. நீங்களும் அப்படி வாக்குக் கொடுத்திருந்தால், புது வியாபாரியிடம் பேசுவதற்கு முன் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒரே சரக்கை இரண்டு பேருக்கு விற்க முடியாது.

இரண்டாம் பங்கு எப்போது? கதிர் பால் பிடித்து மணி கெட்டியான பிறகு, ஏறக்குறைய 85 நாளில். அப்போது காட்டுக்குள் இறங்கி எண்ணலாம். இருபத்தோரு அடிக்கு இருபத்தோரு அடி கயிறு கட்டினால் ஒரு சென்ட். அதிலுள்ள கதிர்களை எண்ணுங்கள், சொத்தையை விட்டுவிடுங்கள். ஐந்தாவது கதிர், பத்தாவது கதிர் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒடித்து உரித்துப் பாருங்கள். சுற்றி 14 வரிசை (வரிசை எப்போதும் இரட்டைப்படைதான் வரும்), நீளத்தில் 28 மணி என்றால் கதிருக்கு 390 மணி சொச்சம். ஆயிரம் மணி 260 கிராம் எடை என்று வைத்தால் கதிருக்கு 100 கிராம். சென்டுக்கு 220 கதிர் இருந்தால் 22 கிலோ. இதில் ஒரு அழகு உண்டு: சென்டுக்கு எத்தனை கிலோவோ, ஏக்கருக்கு அத்தனை குவிண்டால். நூறு சென்ட், நூறு கிலோ, இரண்டும் அடிபட்டுப் போகும். வரப்போரத்தில் செழித்து நிற்கும் பயிரில் மட்டும் எண்ணிவிட்டு வந்துவிடாதீர்கள். தண்ணீர் தேங்கி மஞ்சளடித்த மூலையிலும் ஒரு கயிறு கட்ட வேண்டும். மூன்று இடத்துச் சராசரி 20 வந்தால் மொத்தம் நூறு. அதில் மூன்றில் இரண்டு பங்கு வரை, அதாவது முதலில் எழுதிய 35-ஓடு இன்னொரு 30 எழுதலாம், விலை அப்போதும் சரியாக இருந்தால்.

சரி, காத்திருந்தால் ஏறுமா? இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். எனக்குத் தெரியாது, வியாபாரிக்கும் தெரியாது. ஆனால் விலையை எது தள்ளுகிறது என்று பார்க்கலாம். கர்நாடகத்தின் தாவணகெரே, ஹாவேரி சரக்கு ஐப்பசி, கார்த்திகையில் குவியும். தெலங்கானா, மகாராஷ்டிரச் சரக்கும் அதே சமயம்தான். நம் மானாவாரிச் சரக்கு தை, மாசியில். அதன் பின்னால் ஆந்திரத்து ரபி (குளிர்காலச் சாகுபடி), அப்புறம் சித்திரையிலிருந்து பீகார். அங்கே பூர்ணியா பக்கத்து குலாப்பாக் சந்தையில் குவிந்து, ரயில் ரயிலாகத் தெற்கே இறங்கும். நாமக்கல் பண்ணைகளுக்கு அந்த ரயில் வரத் தொடங்கினால் நம் சரக்குக்கு மவுசு குறையும். ஆகவே அறுவடைக்குப் பிறகு நீங்கள் காத்திருக்கும் காலம் பங்குனி வரைதான் என்று நான் வைத்துக்கொள்வேன். அதற்கு மேல் காத்திருப்பது பீகாரில் மழையோ புயலோ கெடுக்கட்டும் என்று வேண்டிக்கொள்வதற்குச் சமம்.

இன்னொரு பக்கம் அரசாங்கம். 2024 தொடக்கத்தில், பெட்ரோலில் கலக்கும் மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டர் 71.86 ரூபாய் என்று எண்ணெய் நிறுவனங்கள் விலை வைத்தன. ஒரு டன் சரக்கில் 380 லிட்டர் அளவுக்கு வரும், கணக்குப் போட்டுப் பாருங்கள். சாராய ஆலைகள் கோழித்தீவன ஆலைகளோடு போட்டி போட்டு வாங்கின. "இனி மக்காச்சோளத்துக்கு இறக்கமே இல்லை" என்று நம் ஊர் டீக்கடை வரை பேச்சு. 2025 ஜனவரியில் மக்காச்சோளத்துக்குப் போட்டியாக இந்திய உணவுக் கழகத்தின் அரிசியை எத்தனால் ஆலைகளுக்கு குவிண்டால் 2,250-க்கு என்று குறைத்துக் கொடுத்தார்கள். அந்த வருஷம் நாடு முழுக்கப் பரப்பும் கூடியிருந்தது. நவம்பரில் குறைந்தபட்ச ஆதரவு விலை 2,400 ஆக இருக்க, ஹாவேரி, கதக் பக்கம் சந்தையில் 1,600-இலிருந்து 1,800 வரைதான் ஓடியது. விவசாயிகள் சாலையில் உட்கார்ந்தார்கள். ஆவணியில் 2,100-க்கு ஒரு பங்கு எழுதி வைத்திருந்தால் சாலைக்கு வந்திருக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆதரவு விலையை நம்பி எழுதாமல் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் இருக்கிறது, விலை முன்பே தெரியும், அங்கே இந்தப் பேச்சே தேவையில்லை. மக்காச்சோளத்துக்கு ஆதரவு விலை பெரும்பாலும் காகிதத்தில்தான்.

விலை மேலே போனாலும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது. படைப்புழுவால் விலை ஏறிய பிறகு, 2019-இல் சலுகை வரியில் இறக்குமதி செய்ய அனுமதித்தார்கள். 2024-இலும் அப்படித்தான். முட்டை விலை பொறுக்காத அளவுக்குத் தீவனம் ஏறினால் பண்ணைக்காரர்கள் டெல்லிக்குப் போவார்கள், போனால் காரியம் நடக்கும். நமக்கு அந்த பலம் இல்லை. ஆலைக்காரர்களும் சும்மா இருப்பதில்லை. குருணை, கம்பு, எத்தனால் ஆலையில் மிஞ்சும் புரதச் சக்கை என்று கலவையை மாற்றிவிடுவார்கள். அதனால் 2,800 வரும், 3,000 வரும் என்று உட்கார்ந்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆன்லைன் சந்தையில் நாமே முன்பேர வர்த்தகம் செய்யலாமே என்று சில பையன்கள் கேட்கிறார்கள். விளைபொருள் முன்பேரச் சந்தையான என்சிடெக்ஸில் மக்காச்சோளம் இருக்கிறது. 2021 டிசம்பரில் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி நிறுத்தி வைத்த ஏழு பொருட்களில் நெல்லும் கோதுமையும் இருந்தன, மக்காச்சோளம் இல்லை. ஆனால் ஐந்து ஏக்கர்க்காரருக்கு அது ஒத்துவராது. விலை நமக்கு எதிராகப் போகும் நாளெல்லாம் மார்ஜின் என்ற பிணைப்பணம் கட்ட வேண்டும், அங்கே ஓடும் விலைக்கும் நம் களத்து விலைக்கும் உள்ள இடைவெளியும் ஒரே சீராக இருக்காது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் சேர்ந்து செய்தால் யோசிக்கலாம். நீங்கள் அந்த விலையை போனில் பார்த்துக்கொள்ளுங்கள், போதும். வியாபாரி "மார்க்கெட் டவுன்" என்று சொல்லும்போது உண்மையா என்று தெரிந்துகொள்ள உதவும்.

ஆள் யார் என்பதும் விலையில் சேர்ந்ததுதான். 2020 மாசியில் கோழி தின்றால் கொரோனா வரும் என்று வதந்தி கிளம்பியது, அடுத்த மாதமே ஊரடங்கு. கறிக்கோழி வாங்க ஆளில்லை. எங்கள் பக்கம் 2,000-ஐ ஒட்டி இருந்த மக்காச்சோளம் சித்திரைக்குள் 1,400-க்கு வந்தது. எனக்கு 1,950 பேசியிருந்தவர் போனையே எடுக்கவில்லை. என்னிடம் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு, முன்பணம் 2,000 ரூபாய். பக்கத்துக் காட்டுக்காரர் அதே ஆளிடம் மதிப்பில் கால் பங்கு முன்பணம் வாங்கியிருந்தார். அவர் சரக்கை மட்டும் லாரி அனுப்பி ஏற்றிக்கொண்டார்கள். விலை இறங்கும்போது வியாபாரியைக் கட்டிப்போடுவது அவர் ஏற்கெனவே கொடுத்த பணம் மட்டும்தான். ஆகவே 35 குவிண்டாலுக்குப் பதினைந்து, இருபதாயிரம் முன்பணம் கேளுங்கள். தர மாட்டேன் என்றால் அந்த 2,150 வெறும் வாய்ப்பேச்சு. தமிழ்நாட்டில் 2019-இல் ஒப்பந்தப் பண்ணையத்துக்குத் தனிச் சட்டமே வந்திருக்கிறது, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யலாம், பேசிய விலையைத் தந்தாக வேண்டும். ஆலை நேரடியாக எழுதினால் பதிவு செய்யச் சொல்லுங்கள். இடையாள் என்றால் முன்பணம்தான் சட்டம்.

எழுதும்போது எடையாக எழுதாமல் பரப்பாக எழுத முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். "இந்த இரண்டு ஏக்கரில் விளைவது அத்தனையும்" என்று எழுதினால், விளையாவிட்டால் வெளியில் வாங்கிக் கொடுக்க வேண்டியதில்லை. இதற்காக 30, 40 ரூபாய் விலை குறைத்தாலும் ஒத்துக்கொள்வேன். 2018-இல் எனக்கு இந்த ஒரு வரி இருந்திருந்தால் 11,000 மிஞ்சியிருக்கும்.

தேதியையும் மாற்றச் சொல்லுங்கள். தை கடைசி என்பது நமக்கு ஆகாது. 2021-இல் பொங்கல் சமயத்தில் கொட்டிய மழை நினைவிருக்கும். கதிரிலேயே முளைத்தது, களத்தில் கிடந்தது பூஞ்சணம் பிடித்தது. பூஞ்சணச் சரக்கைத் தீவன ஆலை தொடாது, கோழி செத்துவிடும். மாசி பத்து, பதினைந்து வரை அவகாசம் இருந்தால், ஒரு மழை வந்தாலும் காயவைத்துக் கொடுக்கலாம்.

எழுதாமல் மிஞ்சும் 35 குவிண்டாலை அறுவடை அன்றே களத்தில் தள்ளிவிடாதீர்கள். கமிட்டியில், அதாவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில், இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம், மதிப்பில் முக்கால் பங்கு வரை தருவார்கள். நன்றாகக் காய்ந்த சரக்காக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டு விழுந்துவிடும். வட்டி, வாடகை, எடைக் குறைவு எல்லாம் சேர்த்து மாதம் குவிண்டாலுக்கு 30 ரூபாய் என்று ஒரு கணக்குப் போடுங்கள். இரண்டு மாதம் வைத்தால் 60. மாசியில் 2,000 கிடைக்கும் சரக்கு சித்திரை பிறக்கும் முன் 2,060-ஐத் தாண்டினால்தான் வைத்ததற்குப் பலன்.

வியாபாரி அடுத்த முறை வரும்போது ஈரமானி கொண்டு வரச் சொல்லுங்கள். ஈரம் 14-க்கு மேல் போனால் ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை கிலோ கழிப்பார் என்பதைச் சீட்டில் எழுதிவிட்டுத்தான் விலையை எழுத வேண்டும். கழிவை எழுதாத சீட்டில் 2,150 என்பதும் 2,000 என்பதும் ஒன்றுதான்.